கை காட்டாமல் விட்ட பஸ்

மலேசியாவில் தங்கை வீட்டில் பத்து நாள் இருந்து நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்றுதான் திண்டுக்கல்லில் எல்லாரிடமும் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி, தங்கை மகன் கெவின் போனில் சொன்னது. "மாமா, நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா போதும். அம்மா வேற யாரு சொன்னாலும் கேக்க மாட்டாங்க."

நம் ஊரில் தாய்மாமன் என்பது ஒரு பதவி. முப்பத்தைந்து வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன் நான். அந்த வேலையிலிருந்து மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள். தாய்மாமன் பதவியில் அப்படி ஒரு நாள் வருவதே இல்லை.

விமான நிலையத்திலிருந்து வரும் வழியெல்லாம் கெவின் பேசிக்கொண்டே கார் ஓட்டினான். சாலையின் இரண்டு பக்கமும் குட்டையும் நெட்டையுமாக ஒரே மரம், மணிக்கணக்காக. "முன்ன இதெல்லாம் பால்மரம் மாமா. இப்ப எல்லாம் செம்பன," என்றான். பால்மரம் என்றால் ரப்பர், செம்பனை என்றால் எண்ணெய்ப் பனை. பிறகு விஷயத்துக்கு வந்தான்.

என் தங்கை அமலி மலாக்காவுக்குப் பக்கத்தில் பெம்பான் என்ற ஊரில் தனியாக இருக்கிறாள். மாப்பிள்ளை செம்பனை ஆலைக்கு லாரி ஓட்டியவர். இறந்து மூன்று வருடம் ஆகிறது. நான்கு மாதத்துக்கு முன்னால் காலை ஆறு மணிக்கு அமலி குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டாள். போன் கூடத்தில் இருந்தது. பக்கத்து வீட்டு லெட்சுமி இரண்டு தடவை கேட்டில் வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பூட்டியிருக்கிறது, கோயிலுக்குப் போயிருப்பாள் என்று திரும்பிவிட்டாள். அம்மா போனை எடுக்கவில்லையே என்று கெவின் தான் வேலை செய்யும் சுங்கை ஊடாங்கிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தபோது மணி பதினொன்று.

"அஞ்சு மணி நேரம் மாமா. ஈரத் தரையில." இதைச் சொல்லும்போது அவன் ரோட்டைப் பார்த்தபடியே இருந்தான். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் பெரிய பெரிய குழாய்களோடு மல்லுக்கட்டுகிற கை, ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் அவனுக்குக் கோலாலம்பூருக்கு மாற்றல். அவனும் மனைவியும் பதினேழாவது மாடியில் வீடு பார்த்துவிட்டார்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அம்மா மாட்டேன் என்கிறாள். அதற்குத்தான் மாமா.

பையன் சொல்வது எனக்கு முழுக்க நியாயமாகப் பட்டது. முதலிலேயே அதைச் சொல்லிவிடுகிறேன்.

வாசலில் நின்றிருந்த அமலி, நான் காரிலிருந்து இறங்கியதும் அழுவாள் என்று நினைத்தேன். "என்னாண்ணே, இவ்ளோ நரச்சுப் போச்சு," என்று தலையைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். நடையில் லேசான இழுப்பு இருந்தது. இடது கால் ஒரு நொடி தாமதமாக வருகிறது. அதைக் கவனிக்காத மாதிரி வீட்டைப் பார்த்தேன். வரிசை வீடுகளில் ஒன்று. அவள் வாசலுக்கும் லெட்சுமி வாசலுக்கும் நடுவில் இடுப்பளவு கம்பி வேலி.

சாப்பாட்டுக்கு அசாம் பெடாஸ் என்று ஒரு மீன் குழம்பு வைத்திருந்தாள். நம் மீன் குழம்புக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை. புளியும் மிளகாயும் இருக்கின்றன. கூடவே ஏதோ ஒரு பூவின் வாசம், வாயில் போட்டதும் யாரோ அறிமுகம் இல்லாதவர் தோளில் கை போட்ட மாதிரி இருந்தது. மூன்றாவது கவளத்தில் பழகிவிட்டது. நாலாவது கவளத்தில் கெவின் என் காலை மேஜைக்கு அடியில் தட்டினான்.

நான் தொண்டையைச் செருமியதுதான் தாமதம். "அண்ணே, அவன் உன்னைய எதுக்குக் கூப்பிட்டான்னு தெரியும்," என்றாள் அமலி, வாக்கியத்துக்கு வால் போல 'லா' சேர்க்கும் இந்த ஊர்ப் பேச்சில். "நாங்க ஏற்கனவே பேசி முடிச்சிட்டோம் லா. சனிக்கிழம மலாக்கா டவுன்ல ஒரு ஓட்டம் இருக்கு. நாலு பேரு ஒரு டீம். குறிப்பு குடுப்பாங்க, அது எந்த எடம்னு கண்டுபிடிச்சு தெருத் தெருவா போவணும். அம்பது வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு மூணர மணி நேரம். நான் முடிச்சிட்டா இங்கியே இருப்பேன், இவன் அப்பறம் வாயத் தொறக்கக் கூடாது. முடிக்கலன்னா நானே பெட்டி கட்டிருவேன்."

"நான் சரின்னுட்டேன் மாமா," என்றான் கெவின். பிறகு அவள் தட்டைக் கழுவப் போனதும், தாழ்ந்த குரலில், "அந்தக் காலோட முடிக்க மாட்டாங்க. அதான் சரின்னேன்."

ஆக, நான் ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை என்று ஆனது. நிம்மதியாகப் படுத்தேன்.

மறுநாள் காலையில் நிம்மதி போயிற்று. அமலியின் அணியில் மேரி என்று ஒருத்தி இருந்தாளாம். மகளுக்குப் பிரசவ வலி வந்துவிட்டது என்று ஜொகூருக்குப் பஸ் ஏறிவிட்டாள். நாலு பேர் இல்லாமல் பெயர் செல்லாது. அமலி தோசைக் கரண்டியோடு என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள்.

"எனக்கு அறுபத்து மூணு," என்றேன்.

"அதான் வேணும்."

அணியின் மற்ற இரண்டு பேர் பத்து மணிக்கு வந்தார்கள். ஒருத்தி பக்கத்து வீட்டு லெட்சுமி, குட்டையாக, உரத்த குரலோடு. இன்னொருத்தி ரொஹானி, மலாய்க்காரப் பெண்மணி. தலையில் ஊதாத் துண்டு, கையில் மடக்குக் குடை, என்னை 'அபாங்', அதாவது அண்ணன், என்று அழைத்தாள். மூவரும் செங் என்ற இடத்தில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஒரே வரிசையில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்து வேலை செய்தவர்கள். ரொஹானிக்குத் தமிழ் புரியும். பேசச் சொன்னால், 'சாப்பாடு', 'சீக்கிரம்', 'சூப்பர்வைசர் வரான்' ஆகிய மூன்றும் சுத்தமாக வரும்.

அவர்கள் பேசிக்கொள்ளும் விதம்தான் எனக்குப் புதிது. பாதி நேரம் பேசுவதே இல்லை. லெட்சுமி கண்ணை ஒரு பக்கம் திருப்புவாள், ரொஹானி எழுந்து போய்த் தண்ணீர் எடுத்து வருவாள். அமலி ஒரு புருவத்தைத் தூக்கினால் மற்ற இருவரும் சிரிப்பார்கள். என்ன கூத்து இது என்று கேட்டேன்.

"உள்ள போறப்ப உடம்பு பூரா வெள்ளச் சட்ட மாட்டிக்கணும்ணே, தலைக்கி, வாய்க்கி எல்லாத்துக்கும் மூடி," என்றாள் லெட்சுமி. "கண்ணு ரெண்டு மட்டுந்தான் வெளிய. மிஷின் சத்தத்துல பேசுனாலும் கேக்காது. இருவத்திரண்டு வருசம் கண்ணப் பாத்தே வேல செஞ்சோம். எவளுக்கு வயித்து வலி, எவ வீட்டுல சண்ட, எல்லாம் கண்ணுலயே தெரிஞ்சிரும். உங்க தங்கச்சிகிட்ட மட்டும் பொய் சொல்ல முடியாதுண்ணே. பாத்த ஒடனே புடிச்சிருவா."

நானும் முகத்தைப் பார்த்தே டிக்கெட் இல்லாதவனைப் பிடித்தவன்தான் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். மூவரும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் சொல்லவில்லை.

அன்று மாலை பழகிப் பார்ப்பதற்காக டவுனுக்குப் புறப்பட்டோம். பஸ் நிறுத்தத்தில் நான் முன்னால் நின்றேன், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. பஸ் வந்தது. வேகம் குறையாமல் என் மூக்குக்கு முன்னால் போய்விட்டது. நான் டிரைவரைத் திட்டத் தொடங்கினேன். லெட்சுமி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ அண்ணே! கை காட்டலன்னா இங்க நிக்காது!"

எங்கள் ஊரில் நாலு பேர் ஒரு மரத்தடியில் சும்மா நின்று பேசிக்கொண்டிருந்தாலே பஸ் நின்றுவிடும். கண்டக்டர் இறங்கி வந்து, வர்றீங்களா இல்லையா என்று சண்டை போட்டு, பாதிப் பேரை ஏற்றிக்கொண்டும் போய்விடுவார். இங்கே நாம்தான் வேண்டும் என்று கையை நீட்டிக் காட்ட வேண்டும். காட்டாதவனுக்கு வேண்டாம் என்று அர்த்தம். நாற்பது நிமிடம் கழித்து அடுத்த பஸ் வந்தபோது, ஆறடி உயரத்துக்கும் எழுந்து நின்று, ரயிலுக்குக் கொடி காட்டுகிறவன் மாதிரி வலது கையை முழுக்க நீட்டினேன். பஸ் நின்றது. மூன்று பெண்களும் கை தட்டினார்கள்.

"இனிமே பஸ்ஸுக்குக் கை காட்டுற வேல அண்ணனுக்கு," என்று அமலி அறிவித்தாள். லெட்சுமிக்கு வழி கேட்கிற வேலை. ரொஹானிக்கு மலாய்க் குறிப்புகளைப் படிக்கிற வேலை. அமலிக்கு முன்னால் நடக்கிற வேலை. அது ஏன் என்று கேட்டேன்.

"யாரு மெதுவோ அவங்கதான் முன்னால போவணும்ணே. எங்க லைன்ல அப்பிடித்தான். வேகமா செய்றவள முன்னால விட்டா பின்னால உள்ளவகிட்ட சாமான் குமிஞ்சிரும். மெதுவா செய்றவ கைக்கித் தக்கனதான் மத்தவ கை ஓடணும்."

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மலாக்கா ஆற்றோரத்தில், சிவப்புக் கட்டடங்களுக்கு முன்னால், நூறு நூற்றைம்பது பேர் கூடியிருந்தோம். பெரும்பாலும் இளவட்டங்கள், கால்சட்டை, கறுப்புக் கண்ணாடி, தோளில் குழாய் வைத்த தண்ணீர்ப் பை. எங்கள் அணி நால்வரும் ஜாசின் ஊர்ச் சந்தையில் வாங்கிய ஒரே மாதிரிக் கறுப்பு ரப்பர் காலணி போட்டிருந்தோம். கார், டாக்ஸி ஏறக் கூடாது. நடை அல்லது பஸ். போன்களைப் பையில் போட்டு முத்திரை வைத்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு இடத்திலும் நால்வரும் சேர்ந்து போய் நின்றால்தான் அட்டையில் முத்திரை குத்துவார்கள். முத்திரை என்றதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. அட்டையை நானே வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

முதல் இடம் லிட்டில் இந்தியாவில் ஒரு பூக்கடை. ஒரு முழம் மல்லிகை கட்டித் தர வேண்டும். பல்கலைக்கழகப் பிள்ளைகள் நூலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, லெட்சுமி கடைக்காரரோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே இரண்டு நிமிடத்தில் கட்டி அவர் கையில் கொடுத்தாள். "என்னாம்மா, வேலைக்கி வரீங்களா?" என்றார் அவர்.

இரண்டாவது இடம் ஒரு சீனக் கோயில். உள்ளே எத்தனை தூண் என்று எண்ண வேண்டும். மற்ற அணிகள் காலணியோடு உள்ளே ஓடி, எண்ணி, வெளியே ஓடின. அங்கே கழற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லை, வழக்கமும் இல்லையாம். ஆனால் கோயில் வாசல் என்று கண்டதும் எங்கள் கால் தானாக நின்றுவிட்டது. நான்கு பேரும் கழற்றினோம், ரொஹானி உட்பட. அவள் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள். சங்கடமோ என்று பார்த்தேன். "செருப்புக்குக் காவல்," என்று மலாயில் சொல்லிச் சிரித்தாள்; லெட்சுமி எனக்குத் தமிழில் சொன்னாள். முத்திரை குத்துகிறவர் வெளியே வந்து, அவளும் கண்ணில் பட்டதால் சரி என்று குத்திக் கொடுத்தார். திரும்பி வந்தால் எட்டுக் காலணியும் ஒரே மாதிரி. யாருடையது எது என்று உட்கார்ந்து போட்டு, மாற்றிப் போட்டு, அமலிக்குக் காலைத் திருகி நுழைக்கவும் வேண்டியிருந்தது. பத்து நிமிடம் அங்கே போயிற்று.

மூன்றாவது இடம் குன்றின் மேல் இருந்த பழைய தேவாலயச் சுவர். படிகள். அமலி முன்னால் ஏறினாள். ஒவ்வொரு படியிலும் வலது கால், பிறகு இடது கால், பிறகு ஒரு மூச்சு. அவளுக்குப் பின்னால் லெட்சுமி, அடுத்து ரொஹானி, கடைசியில் நான். இளைஞர்கள் எங்களைத் தாண்டிப் பறந்தார்கள். லெட்சுமியும் ரொஹானியும் ஒரு தடவை கூட 'பாத்து' என்றோ 'சீக்கிரம்' என்றோ சொல்லவில்லை. அமலி நின்றால் நின்றார்கள். மேலே போய்ச் சேர்ந்தபோது கடலைப் பார்த்துக்கொண்டு, "இவ்ளோதானா," என்றாள் அமலி. அவள் மேலுதட்டில் வியர்வை பொடித்திருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது, ஆனால் கண் அவள் இடது காலுக்கே போனது.

நான்காவதும் கடைசியுமான இடம் டவுனுக்கு வெளியே, கடலோரத்தில் இருந்த போர்த்துக்கீசியக் குடியிருப்பு. குன்றிலிருந்து இறங்கி, நான் கை காட்டி நிறுத்திய பஸ்ஸில் போனோம். ஒரு வீட்டு வாசலில் பாத்திரம் நிறைய இறாலை வைத்து, ஆளுக்குப் பத்து உரிக்கச் சொன்னார்கள். அந்த வீட்டுப் பெண்மணி அமலியின் கழுத்துச் சிலுவையைப் பார்த்துவிட்டு நாற்காலி கொண்டு வந்து போட்டாள். "நிதானமா உரி," என்று மலாயில் சொன்னாளாம். இறால் முடிந்தது, முத்திரை விழுந்தது. மணி பத்து இருபத்தைந்து. பதினொன்றரைக்குள் ஆற்றோரம் திரும்பினால் போதும். பஸ்ஸில் பதினைந்து நிமிடம்.

"ஜெயிச்சிட்டோம்ணே," என்றாள் லெட்சுமி. இளநீர் வாங்கி வருகிறேன் என்று ரொஹானியை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கக் கடைக்குப் போனாள்.

நிறுத்தத்தில் நானும் அமலியும் மட்டும். அவள் பெஞ்சில் ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து இடது காலணியைக் கழற்றினாள். கணுக்கால் வீங்கி, தோல் பளபளவென்று இருந்தது. கட்டை விரலால் அதை அழுத்திக்கொண்டாள். வலிக்கிறதா என்று கேட்டேன். "இல்ல," என்றாள்.

அப்போதுதான் பஸ் வளைவில் திரும்பியது. பலகையில் டவுன் பெயர் தெளிவாகத் தெரிந்தது. முப்பத்தைந்து வருடம் பெயர்ப் பலகை படித்த கண்.

எனக்கு அந்த ஈரத் தரை ஞாபகம் வந்தது. நான் பார்த்ததே இல்லாத அந்தக் குளியலறைத் தரையும், அதில் என் தங்கை ஐந்து மணி நேரம் கிடந்ததும். இந்தக் காலோடு இவள் தனியாக இருக்கப் போகிறாள், அதற்கு நானே கை காட்டப் போகிறேன் என்று தோன்றியது. பஸ் நெருங்கியது. என் வலது கை தொடையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அமலி என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் போய்விட்டது.

இளநீரோடு ஓடி வந்த லெட்சுமி, "பஸ் போவுது! யாரும் பாக்கலியா?" என்று கத்தினாள். "நான் கவனிக்கல," என்றேன். என் வாழ்க்கையில் ஆயிரம் பேர் என்னிடம் அந்த மாதிரி முகத்தோடு 'டிக்கெட் எடுக்க மறந்துட்டேன் சார்' என்று சொல்லியிருக்கிறார்கள். அமலி குனிந்தாள். காலணியைப் போட்டுக்கொண்டாள்.

பதினைந்து நிமிடம் பார்த்தோம். அடுத்த பஸ் வரவில்லை. "நடப்போம்," என்றாள் அமலி.

வெயில் ஏறிவிட்டது. ரொஹானி தன் குடையை அமலியின் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஒரு அடி பின்னால் நடந்தாள்; ரொஹானியின் பாதி முகம் வெயிலில் காய்ந்தது. லெட்சுமி இளநீரைச் சுமந்துகொண்டு நடந்தாள். எனக்குச் சீக்கிரம் நட என்று அமலியைத் தள்ள வேண்டும் போலவும் இருந்தது, உட்கார் என்று கெஞ்ச வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் எனக்கு யோக்கியதை இல்லை. மெதுவாக நடக்கிறவளின் காலுக்குத் தக்கபடி என் காலையும் போட்டுக்கொண்டு கடைசியில் நடந்தேன்.

ஆற்றோரத்தில் கயிற்றைத் தாண்டியபோது மணி பதினொன்று நாற்பத்தொன்று. முத்திரை குத்துகிற சீனப் பெண் எங்களைப் பார்த்து எழுந்து நின்றாள். "ஆண்ட்டி, பதினொரு நிமிஷம் லேட். மன்னிச்சுக்குங்க," என்று மலாயில் சொன்னாளாம்; குத்தாமலே அட்டையை வாங்கி வைத்துக்கொண்டாள்.

கெவின் தண்ணீர்ப் புட்டியோடு நின்றிருந்தான். ஜெயித்தவன் முகமாக இல்லை அது. அம்மா காலைப் பார்த்து அழுகிற முகமாக இருந்தது. "வாக்குன்னா வாக்குதான்யா," என்றாள் அமலி. "எப்ப வரணும்னு சொல்லு. பெட்டி கட்டிர்றேன்." லெட்சுமி முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டாள். கெவின் என் கையை இரண்டு கையாலும் பிடித்து, "தேங்க்ஸ் மாமா," என்றான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. நான் கூடவே நடந்து வந்ததற்குச் சொன்னான். அந்தக் கை எனக்குச் சுட்டது.

மதியம் வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப் போனான். நண்டு, கோழி, நாலு விதக் காய். பயணக் கட்டுரை எழுதுகிறவன் இதையெல்லாம் விவரிக்க வேண்டும். எனக்கு எதுவும் இறங்கவில்லை.

அன்று சாயங்காலம் அமலி பெட்டியைக் கட்டில் மேல் திறந்து வைத்துத் துணி அடுக்கத் தொடங்கினாள். சுவரிலிருந்து ஒரு படத்தைக் கழற்றி என்னிடம் துடைக்கக் கொடுத்தாள். ஏழு பெண்கள், தலை முதல் கால் வரை வெள்ளை, கண்கள் மட்டும். "நான் யாரு, சொல்லு பாப்போம்," என்றாள். எனக்குத் தெரியவில்லை. கூடப் பிறந்தவளின் கண் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அங்கேயே சொல்லிவிட்டேன்.

"அமலி, அந்தப் பஸ்ஸ நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் கை காட்டல."

"தெரியும்ணே," என்றாள், சேலையை மடித்துக்கொண்டே.

"தெரியுமா?"

"பஸ்ஸு சத்தம் கேட்டுச்சு. உன் கண்ணு அது கூடவே போயி திரும்பி வந்துச்சு. அப்பறம் என்ன தெரியணும்?"

"அப்ப நீ ஏன் கத்தல? நீயே எந்திரிச்சுக் கை காட்டியிருக்கலாமே."

அவள் மடித்த சேலையைப் பெட்டியில் வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள். "மூணு நாளா உன் வாயப் பாத்துக்கிட்டு இருந்தேன். அண்ணன் ஏதோ சொல்லணும்னு கடல் தாண்டி வந்திருக்கு, சொல்ல முடியாம சோத்தப் பெசஞ்சுக்கிட்டு இருக்குன்னு. அங்க கை காட்டாம சொல்லிட்ட. கேட்டுக்கிட்டேன். முன்னயும் ஒரு தடவ கேட்டவதானே."

முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால் மலேசியாவிலிருந்து மாப்பிள்ளையின் போட்டோ வந்தது. அப்பா இல்லாத வீட்டில் நான்தான் 'சரி' என்றேன். அவளிடம் போட்டோவைக் கொடுத்தேனே தவிர, பிடித்திருக்கிறதா என்று கேட்ட ஞாபகம் எனக்கு இல்லை. ஞாபகம் இல்லை என்றால் கேட்கவில்லை என்றுதான் அர்த்தம். ஞாபகமறதி என்று அதற்குப் பெயர் வைக்கக் கூடாது. மாப்பிள்ளை நல்லவராக அமைந்தது அவள் அதிர்ஷ்டம், என் திறமை அல்ல.

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். அன்று கேட்காததை இப்போது கேட்டேன். "உனக்கு என்ன வேணும் அமலி?"

சேலையை மடித்த கை நின்றது. சிரித்தாள். பிறகு படத்தை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். வந்த அன்று அழாததையும் சேர்த்து அழுதாள்.

"எனக்கும் பயமாத்தாண்ணே இருக்கு," என்றாள். "அவன்கிட்ட சொன்னா தூக்கிட்டுப் போயிருவான்னு சொல்லல. குளிக்கப் போறப்பல்லாம் பயமா இருக்கு. ஆனா பதினேழாவது மாடியில நான் யார் கண்ணப் பாப்பேன்? மகனும் மருமகளும் வேலைக்கிப் போயிருவாங்க. இங்க லெட்சுமி இருக்கா. அன்னிக்கிக் கூட வந்தா. ரெண்டு தடவ வந்தா. கேட்டு பூட்டியிருந்துச்சு, வேலியத் தாண்டி கதவுகிட்ட வர முடியல, திரும்பிப் போயிட்டா. அவ கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சுண்ணே. நான் கத்துனது அவளுக்குக் கேக்கல." ஜன்னல் வழியாக வெளியே காட்டினாள். "எனக்கு இந்த வேலி வேணாம். அவ்ளோதான்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலிலேயே கெவினிடம் சொன்னேன். பஸ்ஸைச் சொன்னேன், கையைச் சொன்னேன், அமலி சொன்ன அத்தனையையும் சொன்னேன். அவன் முகம் சிவந்தது. "இதுக்கா மாமா உங்கள வரச் சொன்னேன்? ஏமாத்தவும் செஞ்சிட்டு, இப்ப வந்து அம்மா இருக்கட்டும்னு சொல்றீங்க. மறுபடி விழுந்தா யாரு பாக்குறது? திண்டுக்கல்லேருந்து நீங்க வருவீங்களா?"

திட்டி முடியும்வரை நின்றேன். கடைசியில், "தாய்மாமனா ஒண்ணும் சொல்லல தம்பி. என் பேச்ச விடு. நீ அவகிட்ட ஒரு தடவ கேளு. நான் கேட்டது முப்பத்திரண்டு வருசம் லேட்டு. நீ அப்படி ஆயிராத," என்றேன். அவன் காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்தான். நேராக அம்மாவிடம் போனான். அடுப்படியில் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டேன். பிறகு வெளியே வந்து, கார் டிக்கியிலிருந்து பெரிய கம்பி வெட்டியை எடுத்தான். "லெட்சுமியக்கா, உங்களுக்கு ஓக்கேவா?" என்று வேலிக்கு மேலாகக் கேட்டான். "முப்பது வருசமா ஓக்கே லா!" என்றாள் அவள்.

வேலி ஒரு மணி நேரத்தில் போய்விட்டது. லெட்சுமியின் கோழிகள்தான் முதலில் இந்தப் பக்கம் வந்தன. அமலியின் பின்கதவுச் சாவி ஒன்று லெட்சுமி கழுத்துச் சங்கிலியில் ஏறியது, இன்னொன்று ரொஹானியின் பைக்குள் போனது. குளியலறையில் கெவின் கைப்பிடி பொருத்தினான். "மூணு மாசம் பாப்போம்," என்றான் என்னிடம். மன்னித்துவிட்டானா என்று தெரியவில்லை. 'மாமா' என்று மட்டும் சொன்னான், அது போதும் என்று வைத்துக்கொண்டேன்.

நான் புறப்படுகிற அன்று கெவினுக்குப் பகல் வேலை. மலாக்கா பஸ் நிலையத்துக்கு நான் வந்துவிட்டால், சாயங்காலம் அங்கிருந்து விமான நிலையத்துக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தான். அமலி பெம்பான் நிறுத்தம் வரை கூட வந்தாள், கையில் தூக்குச் சட்டியோடு. அதற்குள் காலையில் இலையில் கட்டிய நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு, வழியில் சாப்பிட.

பெஞ்சில் உட்கார்ந்தோம். இந்தத் தடவை நான் ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன், அவள் ரோட்டைப் பார்த்து. அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கண்ணுக்குக் கீழே சின்ன மச்சம். அந்தப் படத்தில் மூன்றாவதாக நிற்பவள் அவள்தான் என்று அப்போதுதான் பிடிபட்டது.

அந்தக் கண் வலப்பக்கம் எதையோ தொட்டு, மெல்ல நகர்ந்து, என் தலைக்குப் பின்னால் இடப்பக்கம் வரை போய், திரும்பி என்னிடம் வந்தது. பஸ்ஸின் எஞ்சின் சத்தம் பெரிதாகிக் குறைந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கை தூக்குச் சட்டி மேலேயே இருந்தது.

"அடுத்தது நாப்பது நிமிசம்ணே," என்று சொல்லிவிட்டு, அமலி இலையைப் பிரித்தாள்.